கோலாலம்பூரில் தொடக்கப் பள்ளி: சிபிஎஸ்இயா, பிரிட்டிஷா?

கணவருக்கு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலை. கோவையிலிருந்து பெட்டிகளோடு, பக்கத்திலேயே தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் வந்து இறங்கியபோது வீடு தயாராக இருந்தது, கீழே கடையில் இட்லி அரிசி இருந்தது, கறிவேப்பிலைகூடக் கிடைத்தது. எட்டு வயது மகளுக்குப் பள்ளிதான் இல்லை. அடுத்த மூன்று வாரத்தில் ஐந்து பள்ளிகள் ஏறி இறங்கினோம்.

வீட்டுக்கார அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: "ஏம்மா, தமிழ்ப்பள்ளி இருக்கே, எதுக்கு ஆயிரக்கணக்குல வெள்ளியக் கொட்டப் போறீங்க?" இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே மலாய் முக்கியப் பாடம். மூன்று வருடத்தில் கிளம்பப் போகிறவளை அதில் இறக்கிவிடத் தயக்கமாக இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் கல்வி இலாகா அனுமதி வேறு. மனசில்லாமல்தான் விட்டோம்.

பெரிய பெயர்களையும் சீக்கிரமே தள்ளிவைத்தோம். 1946இல் தொடங்கிய ஆலிஸ் ஸ்மித், மோன்ட் கியாராவில் இருக்கும் கார்டன், அமெரிக்க முறையில் நடக்கும் ஐஎஸ்கேஎல் எல்லாம் பேர் எடுத்த பள்ளிகள்தான். கம்பெனி கட்டணம் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். எங்கள் கம்பெனி விமான டிக்கெட்டோடு நிறுத்திக்கொண்டது. போதாக்குறைக்கு, ஆண்டுக் கட்டணம் 60,000 ரிங்கிட்டைத் தாண்டினால் 2025 ஜூலையிலிருந்து 6 சதவீதம் சேவை வரியும் உண்டு. ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் கேள்வி கேட்டுத் தேடிப் படிக்க வைப்பது எனக்குப் பிடித்தது, அதன் விலை பிடிக்கவில்லை.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளி. இன்னொன்று, உள்ளூர்க்காரர்கள் நடத்தும் நடுத்தரக் கட்டண பிரிட்டிஷ் பள்ளி. எங்களிடம் சொன்ன தொகையில் இரண்டாவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இந்தியப் பள்ளிக்குள் நுழைந்ததுமே கோவை வந்துவிட்டது. பழுப்பு அட்டை போட்ட நோட்டு, அதில் ஒட்டிய லேபிள், காலை வணக்கத்துக்கு வரிசை. சேர்க்கைத் தேர்வில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் வருடம். எப்போது ஊர் திரும்பினாலும் அதே புத்தகத்தின் அடுத்த பாடம். ஆனால் இரண்டாம் மொழி இந்தி என்றார்கள். தமிழ் கேட்கும் பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்தால் வகுப்பு வைப்பார்களாம். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு தமிழுக்கு ஆள் சேரவில்லை என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிரிட்டிஷ் பள்ளியில் நாங்கள் எட்டிப் பார்த்த வகுப்பில் வைகிங்குகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சீனப் பையன் மேகி அட்டைப்பெட்டியை வெட்டிக் கேடயம் செய்துகொண்டிருந்தான். முன்பக்கம் சிவப்பும் கறுப்புமாகக் கொடூரமான பாம்பு, பின்பக்கம் முழுக்க 'கறி சுவை'. சேர்க்கைத் தேர்வில் மகளிடம் விடுமுறையைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுத்துப்பிழை எதையும் ஆசிரியை சுழிக்கவில்லை. "பாட்டி வீடு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாயே, ஏன்?" என்று மட்டும் கேட்டார். வாய்ப்பாட்டில் பறந்தவள் இங்கே வாயே திறக்கவில்லை. இவளுக்கு எது குறைகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை அரசு 2012இல் நீக்கியது. அதனால் இந்த நடுத்தரப் பள்ளிகளில் வகுப்பு நிறைய மலேசியப் பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தோழியை விமான நிலையத்தில் வழியனுப்பி அழ வேண்டியதில்லை. குறை என்றால், நாங்கள் விசாரித்தவரை ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் போன வருட வகுப்பாசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நீச்சல் குளத்தைக் காட்டுகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் திணறுவார்கள்.

வகுப்புக் கணக்கு ஒரு கூத்து. பிரிட்டிஷ் முறையில் ஐந்து வயதிலேயே இயர் ஒன். செப்டம்பர் முதல் தேதியன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. ஊரில் மூன்றாம் வகுப்பில் இருந்த மகள், ஜூலையில் எட்டு முடிந்ததால் நேரே இயர் ஃபோர். மாமியார் போனில், "டபுள் புரமோஷனா!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். திரும்பும்போது வயதுக்கேற்ற வகுப்பில்தான் போடுவார்கள் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

கட்டணத் தாளில் பெரிய எண்ணைவிடச் சின்ன எழுத்தைப் படியுங்கள். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், வருடா வருடம் வளர்ச்சி நிதி, ஒரு பருவத்துக்கான முன்பணம். பள்ளியை விடுவதானால் ஒரு பருவம் முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் ஆறு வாரம் இருக்கும்போது சொன்னார். முன்பணம் போச்சு.

தூரத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கோலாலம்பூரில் விடிவதே ஏழு மணி வாக்கில்தான். வேன் ஆறரைக்கு வந்தால் நடு இருட்டில் எட்டு வயதுப் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்க்க வைக்க வேண்டும். இந்தியப் பள்ளிக்கு வேனில் ஒரு மணி நேரம், மழை பெய்தால் எவ்வளவு என்று டிரைவர் அண்ணனே சொல்லவில்லை. பிரிட்டிஷ் பள்ளி காரில் இருபது நிமிடம். கணவருக்குப் பினாங்கில் வேலை வாய்ப்பு வந்தபோதும் இதே சிக்கல்தான். 1955இல் தொடங்கிய அப்லண்ட்ஸ் பள்ளி பத்து பெரிங்கி என்ற இடத்தில், டாலட் பள்ளி தஞ்சோங் பூங்கா என்ற இடத்தில். இரண்டும் தீவின் வடக்குக் கரை. தொழிற்சாலை வேலைகளோ தெற்கே பாயான் லெப்பாஸில். நடுவில் வீடு பார்த்தால் அப்பா ஒரு பக்கம் நெரிசலில், பிள்ளை ஒரு பக்கம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஊர் திரும்பும் தேதி. சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும். அதனால் எட்டு, ஒன்பதில் திரும்பும் பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் இந்தியப் பள்ளியில்தான் சேர்ப்பேன். எங்களுடையவள் ஆறாம் வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். பிரிட்டிஷ் வருடம் ஜூலையில் முடியும், ஊரில் கோடை விடுமுறை முடிந்து ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். அந்த இடைவெளியைச் சமாளிக்கலாம். பிரிட்டிஷ் பள்ளியிலேயே சேர்த்தோம்.

நாலு மாதம் ஆகிறது. வாய்ப்பாட்டை தாத்தா ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொள்கிறார். தமிழுக்கு நானும் வீட்டுக்கார அம்மாவும். போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவளிடம், "சாப்பிட்டியா?" என்றேன். "பசியாறிட்டேன்மா" என்றாள்.