மணிலா சிறை ஊழியப் பயணம்: பத்து நாள் அனுபவமும் என் மதிப்பீடும்

சிங்கப்பூரில் குறுகியகால ஊழியப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஓர் அமைப்பின் மூலம் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து பதினொரு பேர் பத்து நாள் மணிலா சென்று வந்தோம். விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, உள்ளூர் வண்டி அனைத்தும் சேர்த்துத் தலைக்கு 1,850 சிங்கப்பூர் வெள்ளி. குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன்.

புறப்படுமுன் நான்கு சனிக்கிழமைகளில் தந்த பயிற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். விசாரணைக் கைதிகளும் மூன்று ஆண்டுக்குள் தண்டனை பெற்றவர்களும் நகரச் சிறைகளில் இருப்பார்கள், அதற்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர்கள் முந்தின்லூப்பாவிலுள்ள நியூ பிலிபிட் போன்ற தேசியச் சிறைகளுக்கு அனுப்பப்படுவார்கள் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினார்கள். 800 பேருக்காகக் கட்டப்பட்ட பழைய கேசோன் நகரச் சிறையில் 2016இல் 3,800க்கும் மேற்பட்டோர் படிக்கட்டுகளில்கூடப் படுத்துறங்கிய படங்களையும் காட்டினார்கள். அவற்றைப் பார்த்திராவிட்டால் மஞ்சள் சட்டை அணிந்த அத்தனை கைதிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூடத்தில் நாங்கள் பேச்சற்று நின்றிருப்போம்.

வாலிபர் ஊழியத்துக்காக ஒரு 'பஹாய் பக்-அசா'வுக்குச் சென்றோம். நம்பிக்கை இல்லம் என்பது இதன் பொருள். பிலிப்பீன்ஸின் 2006ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள்மீது குற்றப்பொறுப்பு சுமத்தப்படுவதில்லை. வழக்கில் சிக்கிய சிறாரைப் பெரியவர்களின் சிறையில் வைக்காமல் பராமரிக்கவே இவ்வில்லங்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றிய பதிவுகளைச் சட்டமே இரகசியமாகக் காக்கிறது. படம் எடுக்கக்கூடாது, வழக்கைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியிருக்க, பாடல்கள் முடிந்ததும் எங்களுடன் வந்த ஒருங்கிணைப்பாளரே ஒரு பையனை எழுப்பி, செய்த தவற்றையும் மனந்திரும்பியதையும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். அதுவரை எங்களை 'குயா', அதாவது அண்ணா, என்று அழைத்து ஓடியாடிக்கொண்டிருந்த அவன், தலையைக் குனிந்தபடி நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. சாட்சி என்பது தானாக ஊற்றெடுக்க வேண்டியது. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

நகரச் சிறைக்கு மூன்று நாள் என்றார்கள். அனுமதிக் கடிதம் உரிய நேரத்தில் வராததால் ஒரு நாள் மட்டுமே கிடைத்தது. அன்று உள்ளே இருந்த இரண்டு மணி நேரத்திலும் பாதி மொழிபெயர்ப்பில் கழிந்தது. மற்ற இரு நாள்களும் பேரங்காடியில் போயின. காணிக்கை சேர்த்து அனுப்பிய சபையாருக்கு இதை எப்படி விளக்குவது?

இந்தப் பயணத்தில் ஊழியம் என்று நான் துணிந்து சொல்லக்கூடியது அங்குள்ள ஒரு போதகர் செய்துவருவதைத்தான். செவ்வாய்தோறும் பதினோரு ஆண்டாக அச்சிறைக்குச் செல்லும் அவர், யாருக்கு எந்த நாளில் நீதிமன்ற விசாரணை, யாருடைய தாய் நோயுற்றிருக்கிறார் என்பதையெல்லாம் அறிந்தவர். எங்கள் கட்டணத்தின் மொத்தம் 20,350 வெள்ளி. அதில் அவருடைய பணிக்குச் சேர்ந்தது 600 வெள்ளி என்று கணக்கு அறிக்கை காட்டுகிறது.

பயிற்சிக்காகவே இந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்போரை நான் தடுக்கமாட்டேன். ஆனால் முன்பணம் கட்டுமுன், சிறை அனுமதி எழுத்தில் வந்துவிட்டதா, நீங்கள் திரும்பிய மறுவாரம் அந்தச் சிறைக்குள் போகப்போகிறவர் யார், கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு சேரும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பெயர் கொடுக்காதீர்கள்.

நவம்பரில் எங்களில் மூவர் அந்தப் போதகரிடமே நேராகச் செல்கிறோம். என்ன கொண்டுவரலாம் என்று கேட்டதற்கு, பாடல் குழு வேண்டாம், வாசிப்புக் கண்ணாடிகள் கொண்டுவாருங்கள் என்றார். வேதாகமம் கையிலிருந்தும் பார்வை மங்கியதால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத வயதான கைதிகள் பலர் அங்கே இருக்கிறார்களாம்.