குல்மார்க் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுமுன்

சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து 'பனிமலை சாகசம்' விற்கும் ஏஜெண்ட் இப்போது காஷ்மீரில் உள்ள குல்மார்க் என்று புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பணம் கட்டிவிட்டதாகக் கேள்வி.

போன ஜனவரியில் நானும் மச்சானும் இவரிடம் ஆளுக்கு 9,500 ரிங்கிட் கட்டித்தான் ஜப்பானில் நிசெகோ போனோம். இருவருக்கும் பனிச்சறுக்கு தெரியும். தடத்தை விட்டு விலகி, மரங்களுக்கிடையிலும் செங்குத்தான இடுக்குகளிலும் இறங்கத்தான் ஆசை. 'சான்றிதழ் பெற்ற கைடு, பாதுகாப்புச் சாமான் உட்பட' என்று ரசீதிலேயே எழுதி வாங்கினோம்.

ரூம் சரி, சாப்பாடும் சரி. கைடு என்று வந்தவன் ஏஜெண்டின் உறவுக்காரப் பையன். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் பீக்கன் எங்கே என்றால், "மரத்துக்குள்ள பனி சரியாதுண்ணே" என்கிறான்.

சரியும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் கிளம்புகின்றன. பவுடர் எனும் புதுப் பொடிப்பனி தேடிப் போகிறவனுக்குப் பிடித்த சாய்வும் அதேதான். நாம் புகுந்து வருமளவு இடைவெளி விட்ட மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்தாது. போதாக்குறைக்கு மரத்தடிப் பனிப்பள்ளத்தில் தலைகீழாக விழுந்தாலே மூச்சு முட்டிவிடும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் பீக்கன், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஹெல்மெட்.

அப்புறம் ஒரு கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு வாங்க" என்றான். அந்தப் பக்கம் யுனோசாவா! நிசெகோவில் திறந்திருக்கும் கேட் வழியாக மட்டுமே வெளியே போகலாம். யுனோசாவாவுக்கு எப்போதுமே தடை. மீறினால் லிஃப்ட் டிக்கெட்டைப் பறித்துவிடுவார்கள். மறுத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் சாதாரணத் தடத்திலேயே சறுக்கினோம்.

திரும்பி வந்து கைடு காசைக் கேட்டதற்கு, "உயிரோடதானே வந்தீங்க தம்பி?" என்றார் ஏஜெண்ட். சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

குல்மார்க் நிசெகோவைவிடப் பெரிய மலை. கொண்டோலா எனும் கேபிள் காரே ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். ரோந்துப் படை கவனிக்கும் பகுதியைத் தாண்டினால் அவரவர் பாடு. 2024 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். இந்த முறையும் அதே பையன்தான் கைடாம்.

ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 ரிங்கிட்தான். வக்கீல் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். நாங்கள் மனு கொடுத்துவிட்டோம்.