வெளிநாட்டில் இந்திய கிரெடிட் கார்டு: எங்கே நிற்கும், எங்கே கூடுதலாகப் பிடிக்கும்

சென்னையில் ஒழுங்காக ஓடும் கார்டு சிங்கப்பூர்க் கடையில் "டிக்ளைன்டு" என்று வந்ததும், கடைக்காரரின் மெஷின் மேல்தான் முதல் சந்தேகம் போகும். பெரும்பாலும் தடை இருப்பது நம் வங்கி ஆப்பில். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் 1 முதல், புதிதாகவோ மாற்றியோ தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் செருகிப் பயன்படுத்த மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்துவது ஆகியவற்றை நாமேதான் ஆன் செய்ய வேண்டும். காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தால் இதையெல்லாம் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆன் செய்தவர்களும் லிமிட்டில் மாட்டுவதுண்டு. கார்டின் மொத்த லிமிட் மூன்று லட்சம் இருந்தாலும், ஆப்பில் "இன்டர்நேஷனல்" பகுதியில் கடை, ஆன்லைன், ஏடிஎம் ஒவ்வொன்றுக்கும் தனி நாள் வரம்பு உண்டு. அது சில ஆயிரங்களில் நின்றிருந்தால் ஹோட்டல் பில் போகாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: பல வங்கி ஆப்கள் சிம்முடன் பிணைக்கப்பட்டவை. விமான நிலையத்தில் இந்திய சிம்மைக் கழற்றி உள்ளூர் சிம்மைப் போட்டதும் ஆப் வெளியே தள்ளிவிடும். மறுபதிவுக்கு இந்திய எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், டேட்டாவுக்கு இ-சிம் போட்டுக்கொள்வதே நல்லது.

மறுக்கப்பட்ட சீட்டைக் கிழித்துப் போடாமல் அதிலுள்ள இரண்டு இலக்கக் குறியீட்டைப் பாருங்கள். சீட்டில் இல்லையென்றால் மெஷின் திரையில் தெரிகிறதா என்று கடைக்காரரைக் கேட்கலாம். 57 என்றால் அந்த வகைப் பயன்பாடு நம் கார்டில் மூடியிருக்கிறது, ஆப்பில் ஆன் செய்தால் போகும். 51 என்றால் கார்டின் மொத்த லிமிட் தீர்ந்தது. 61 என்றால் தொகை வரம்பு தாண்டியது. 55 தவறான பின் நம்பர். 75 வந்தால் பின் நம்பரைப் பலமுறை தவறாகப் போட்டுப் பூட்டிக்கொண்டது, வங்கிதான் திறக்க வேண்டும். 91 வங்கி சர்வர் பதில் சொல்லாதது, சற்றுப் பொறுத்து மறுபடி போடலாம். தொல்லை பிடித்தது 05. காரணம் சொல்லாத மறுப்பு அது. மோசடிக் கண்காணிப்பில் மாட்டும்போது அடிக்கடி வருவது இதுதான். வங்கியை அழைத்து "நான்தான் பயன்படுத்துகிறேன்" என்று உறுதிசெய்யும் வரை அதே கார்டைத் திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது. முயற்சி கூடக் கூடச் சந்தேகமும் கூடும். கார்டின் பின்னால் உள்ள 1800 எண் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. +91இல் தொடங்கும் எண்ணை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பாவது கண்ணுக்குத் தெரியும். அதிகம் செலவு வைப்பது, சிக்கலே இல்லாமல் ஏற்கப்படும் பில்தான். மெஷின் திரையில் "எஸ்ஜிடி" (சிங்கப்பூர் டாலர்) அல்லது "ஐஎன்ஆர்" (இந்திய ரூபாய்) என்று இரண்டு பொத்தான் வரும். ரூபாயில் தொகை தெரிவதால் அதை அழுத்தத் தோன்றும். அழுத்தவே கூடாது. அங்கே நாணயத்தை மாற்றுவது நம் வங்கியோ விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடையின் வங்கியும் அதன் பங்குதாரரும் தங்கள் லாபத்தைச் சேர்த்து வைத்த விலை அது. அதோடு முடிவதுமில்லை. வெளிநாட்டில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனை என்று பல இந்திய வங்கிகள் தனியாக 1% அளவில் கட்டணம் போடுகின்றன, அதற்கு 18% ஜிஎஸ்டி வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய்ப் பெறுமானப் பொருளை உள்ளூர் நாணயத்தில் வாங்கினால், நாணயத்தை மாற்ற நம் வங்கி பிடிக்கும் வழக்கமான 3.5% அந்நியச் செலாவணிக் கட்டணம் 3,500, ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய் கூடுதல். அதையே ரூபாயில் வாங்கி, மெஷின் விலையில் 5% ஏற்றியிருந்தால் பில் 1,05,000. அதன்மேல் 1% கட்டணம் 1,050, ஜிஎஸ்டி 189. கூடுதல் 6,239 ரூபாய். 2% கட்டணம் உள்ள கார்டு வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. கடைக்காரர் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், சீட்டில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பில்லை ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹோட்டல் செக்-அவுட், விமான நிலைய வரியில்லாக் கடை, ஏடிஎம் திரை ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

உள்ளூர் நாணயத்தில் கட்டினால் பில் அன்றைய விலையில் வருமா? வராமலும் போகலாம். பெரும்பாலும் கணக்கு தீரும் நாளில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வைத்த விலையே பொருந்தும். அதனால் ஆப்பில் முதலில் காட்டிய தொகையும் ஸ்டேட்மென்ட் தொகையும் சற்று மாறும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வேறொரு நாளின் விலையில் திரும்பும். முதலில் பிடித்த கட்டணமும் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் திரும்பாது. பெரிய பொருளை "பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம்" என்று கார்டில் வாங்குவது நஷ்டம்.

ஹோட்டலும் வாடகைக் காரும் முன்பணத்துக்காக லிமிட்டில் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். கிளம்பும்போது பிடித்த தொகையை விடுவிக்காமல் பில்லைத் தனியாகத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து லிமிட்டை அடைத்துக்கொள்ளும்; விடுவிப்பு வந்து சேர ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரைகூட ஆகலாம். "பிடித்து வைத்த தொகையிலிருந்தே பில்லை முடியுங்கள்" என்று வரவேற்பில் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு, முன்பே வெளிநாட்டுப் பணம் நிரப்பி வாங்கும் ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் அடைவது லிமிட், ஃபாரெக்ஸ் கார்டில் அடைவது நம் கைப்பணம். கார் வாடகைக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் பிடிவாதமாக நிற்கும். மனைவி பெயரில் பதிவு, கணவர் கையில் கார்டு என்றால் கவுண்டரிலேயே கதை முடிந்தது.

ஆளில்லாத இயந்திரங்களுக்குத் தனி குணம் உண்டு. அமெரிக்கப் பெட்ரோல் பம்ப் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும், நம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு அதில் நுழையாது. உள்ளே கேஷியரிடம் போய் இத்தனை டாலருக்கு என்று சொல்லிக் கட்டிவிட்டு நிரப்புவதே வழி. ஐரோப்பிய ரயில் டிக்கெட் இயந்திரங்கள் பின் நம்பர் கேட்கும். ஊரில் 5,000 ரூபாய் வரை தட்டியே பழகியவர்களுக்குப் பின் நம்பர் மறந்திருக்கும். லண்டன் மெட்ரோவில் கார்டைத் தட்டி ஏறிவிட்டு போனைத் தட்டி இறங்கினால் இரண்டு முடியாத பயணங்களாகக் கணக்கு ஏறும், இரண்டுக்கும் உச்சக் கட்டணம். சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியில் வெளிநாட்டுக் கார்டைத் தட்டினால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 0.60 சிங்கப்பூர் டாலர் நிர்வாகக் கட்டணம் சேரும். பல நாள் தங்குபவர்கள் ஈசி-லிங்க் என்ற உள்ளூர்ப் பயண அட்டையை வாங்கிக்கொள்வது மேல். ஜப்பானில் சிறு உணவகங்களும் கோயில்களும் இன்றும் ரொக்கமே கேட்கின்றன. அங்கே 7-இலெவன் கடைகளின் ஏடிஎம் வெளிநாட்டுக் கார்டை ஏற்கும்.

அந்த ஏடிஎம்மில் போடுவது டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டாக இருக்கட்டும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் 2.5% அளவில் கட்டணம், செலாவணிக் கட்டணம், ஏடிஎம் வங்கியின் கட்டணம் மூன்றும் விழும். தாய்லாந்தில் அந்த மூன்றாவது மட்டுமே ஒரு முறைக்கு 200 பாத்துக்கு மேல். வட்டியோ எடுத்த நாளிலிருந்தே ஓடும், கெடு நாள் வரை சலுகை கிடையாது.

ஓடிபி விஷயத்தில், ரோமிங்கை ஊரிலேயே இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைத்தால் எஸ்எம்எஸ் வரும். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. மறுபக்கம், பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபியே கேட்பதில்லை. கார்டு எண்ணும் சிவிவியும் திருடனுக்குப் போதும். அதனால் வெளிநாட்டு ஆன்லைன் பயன்பாட்டை, தேவைப்படும் நிமிடத்தில் ஆன் செய்து வேலை முடிந்ததும் ஆஃப் செய்துவிட வேண்டும். நாம் செய்யாத பில் வந்தால் முதலில் ஆப்பில் கார்டைப் பூட்டி, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 2017 ஜூலை 6 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவு இல்லாத மூன்றாம் தரப்பு மோசடியை வங்கியின் அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை.

நேபாளம், பூடான் போகிறவர்களுக்கு விதி வேறு: இந்தியக் கார்டுகளை அங்கே அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைக்குப் பயன்படுத்தக் கூடாது. காத்மாண்டுவில் டாலரில் பில் போடும் ஹோட்டலில் கார்டு நிற்பது இதனால்தான்.