சைடேஷன் தேடும் தளங்கள்: டெல்லியில் பயன்படுத்திப் பார்த்த வரையில்

“காசு கட்டித்தான் ஆகணுமா சார், இந்தியன் கானூன் போதாதா?” சைடேஷன், அதாவது வாதத்தில் மேற்கோள் காட்டும் முந்தைய தீர்ப்பைத் தேட, இலவசமான இந்தியன் கானூன் தளமே போதுமா, கட்டணத் தளமும் வேண்டுமா என்று டெல்லிக்குப் புதிதாக வரும் தமிழ் ஜூனியர் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. என் அனுபவத்தில், தேடுவதற்கு இலவசத் தளமே போதும். தேடி எடுத்ததை நம்பி உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்குத்தான் காசு தேவைப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை எதிர்த்து வரும் எஸ்.எல்.பி.கள்தான் (உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு மனுக்கள்) எங்கள் அலுவலகத்தில் அதிகம். அந்த வேலையை வைத்தே இதை எழுதுகிறேன். கம்பெனி சட்டம், வரி வழக்கு பார்ப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

இந்தியன் கானூனை சுஷாந்த் சின்ஹா 2008-இல் தொடங்கினார். இன்றும் காலையில் நான் முதலில் திறப்பது அதைத்தான். பலர் அதில் கூகுளில் தட்டுவதுபோல நாலு சொல்லைத் தட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்ததும் அலுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தளத்துக்கென்று சில கட்டளைகள் உண்டு. இரண்டு சொற்களும் சேர்ந்து வர வேண்டுமானால் ‘ஆண்ட்’ என்பதன் கடைசி எழுத்தை இரண்டு முறை தட்ட வேண்டும். ‘ஆர்’, ‘நாட்’ இரண்டுக்கும் அதே விதி. நீதிமன்றத்தைக் குறிப்பிட்டுச் சுருக்கலாம், தேதியை வரையறுக்கலாம். இதைப் பழகிக்கொண்டால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் நம் ஊர்ப் பெயர்களோடு மல்லுக்கட்டுவது தனிப் பாடு. பழனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘சாமி’ என்று முடிப்பார், ஒருவர் ‘ஸ்வாமி’ என்பார், இன்னொருவர் ‘ச்சாமி’ என்பார்; கடைசி ஆங்கில எழுத்து ‘ஒய்’யா ‘ஐ’யா என்பதற்குப் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே முடிவில்லை. பழைய பாகப்பிரிவினை வழக்குகளில் செட்டி, செட்டியார், முதலி, முதலியார் எல்லாம் தாறுமாறாகக் கிடக்கும். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் காணாமலே போகும். இலவசம், கட்டணம் என்று பேதமில்லாமல் எல்லாத் தளங்களுமே இதில் தடுமாறுகின்றன. அதனால் கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடுவதையே நான் விட்டுவிட்டேன். சட்டப்பிரிவு, தீர்ப்பு வந்த ஆண்டு, நீதிபதி பெயர், இந்த மூன்றைக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கிறது. எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) 1891-இலிருந்து வரும் தீர்ப்பு இதழ். அதன் ஆரம்பகாலத் தொகுதி ஏதாவது தேவைப்பட்டால், சென்னையில் இருக்கும் நண்பரை நூலகத்துக்கு அனுப்பி வாட்ஸ்அப்பில் படம் வாங்குவதுதான் இன்றைக்கும் வேகமான வழி.

கட்டணத் தளத்தை விட முடியாததற்கு முதல் காரணம் பேரா எண். ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. என்று தீர்ப்புகளை அச்சிடும் தொகுப்புகள் பல இருப்பதால் ஒரே தீர்ப்புக்குப் பல முகவரிகள் உண்டு. மேனகா காந்தி வழக்கு ஏ.ஐ.ஆரில் 1978 எஸ்.சி. 597, எஸ்.சி.சி.யில் 1978-இன் முதல் தொகுதி, பக்கம் 248. முகவரி மாறினால் பரவாயில்லை, ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறது. பேராக்கள் மாறும்போதுதான் தலைவலி. நீதிபதி ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு “பேரா 31-ஐப் படியுங்கள்” என்பார். நம் பிரிண்ட்டில் 31 வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். சில பழைய தீர்ப்புகளின் இணையப் பிரதியில் பேரா எண்ணே இருக்காது.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், தீர்ப்பு தேதி 2007 டிசம்பர் 12. நீதிபதி எழுதிய தீர்ப்பு வாசகத்தை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் ஒரு பதிப்பாளர் அதைப் பேரா பேராகப் பிரித்து எண்ணிட்டதும், எந்த நீதிபதி எங்கே ஒத்துப்போகிறார், எங்கே மாறுபடுகிறார் என்று குறிப்பு எழுதியதும் அவருக்கே உரியவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் தலையில் எடிட்டர் எழுதும் சுருக்கமான ஹெட்நோட்டும் அப்படித்தான். ஆகவே, நாம் காசு கட்டுவது தீர்ப்புக்காக இல்லை, அதன்மேல் எடிட்டர் செய்த வேலைக்காக.

இரண்டாவது காரணம், அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. மின்னணுச் சாட்சியத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் நவ்ஜோத் சந்து வழக்கில் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு வழி உண்டு என்றார்கள். 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் அது கவிழ்ந்தது. 2018-இல் ஷஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள் மறுபடி தளர்த்தினார்கள். 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தளர்வும் செல்லாது என்றார்கள். ஷஃபி முகமதுவை மட்டும் எடுத்துப் படிக்கும் ஜூனியருக்கு எதுவுமே உறுத்தாது. தெளிவாக, சாதகமாக இருக்கும். இலவசத் தளத்திலும் அதை எடுத்தாண்ட பின்னாளைய தீர்ப்புகளின் பட்டியல் கிடைக்கும், ஆனால் பட்டியலுக்குள் இறங்கிப் படிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். கட்டணத் தளத்தில் ‘ஓவர்ரூல்ட்’ (பின்னாளைய தீர்ப்பால் செல்லாமல் போனது) என்ற அடையாளம் மேலேயே கண்ணில் படும். நான் சந்தாவைப் புதுப்பிப்பதே பெரும்பாலும் இந்த ஒன்றுக்காகத்தான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ஒரு பாயிண்டில் மட்டும் மாற்றப்பட்ட தீர்ப்புக்குக்கூட இந்த அடையாளம் விழுந்துவிடுவது உண்டு.

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த பிறகு தேடலில் புதுக் குழப்பம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் பிரிவு 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் குவாஷ் மனு. அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.-இல் 482 என்றால் முன்ஜாமீன். குவாஷ் 528-க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் தட்டினால் இரண்டும் கலந்து கொட்டுகிறது. சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள், தேதியையும் கட்டுப்படுத்துங்கள்.

உச்ச நீதிமன்றமே கொண்டுவந்ததில் உருப்படியானது இ-எஸ்.சி.ஆர். தளம். 2023 ஜனவரியில் சுமார் 34,000 தீர்ப்புகளோடு இலவசமாகத் திறந்தார்கள். எஸ்.சி.ஆர். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு என்பதால் நீதிமன்றத்தில் கொடுக்கும் தீர்ப்புக் காம்பைலேஷனில் அதன் பிடிஎஃபை வைத்தால் எதிர்த்தரப்பு முகம் சுளிக்க வழியில்லை. அதே ஆண்டு நியூட்ரல் சைடேஷனும் வந்தது: ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. என்ற எழுத்துகள், ஒரு எண், அவ்வளவுதான். எந்தப் பதிப்பாளரின் பெயரும் அதில் இல்லை. தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் கிடைக்கின்றன. நான் அவற்றைத் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இருக்கும் கட்சிக்காரர்களுக்கு அனுப்பத்தான் வைத்திருக்கிறேன். வாதத்துக்கு ஆங்கில மூலம்தான்.

ஏஐ பற்றிக் கேட்காதவர் இல்லை. நீண்ட தீர்ப்பைச் சுருக்கித் தரச் சொன்னால் பரவாயில்லை. சைடேஷன் கேட்கும் வேலை மட்டும் வேண்டாம். 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த வழக்குகளை மனுவில் எழுதிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில், மூலத் தீர்ப்பின் பிடிஎஃப் ஃபோல்டருக்குள் வராமல் எந்த சைடேஷனும் மனுவுக்குள் போகக்கூடாது.

கட்டணத் தளங்கள்மீது குறையும் உண்டு. நான் வைத்திருந்த ஒன்றில் முதலாண்டுச் சலுகை விலையைக் காட்டி இழுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது கேட்ட தொகை ஒரு ஜூனியரின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பேரம் பேசினால் இறங்குகிறார்கள். மார்ச் கடைசி வாரத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறங்குகிறார்கள். எல்லா உயர் நீதிமன்றங்களையும் சேர்த்துக் கட்டி விற்கப் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றமும் சென்னையும் மட்டும் போதும் என்று பிடிவாதமாக நின்றால் தனியாகவும் தருவார்கள். சொந்தமாகக் கட்ட முடியாத ஜூனியர்கள் தேடலை வீட்டிலேயே இந்தியன் கானூனில் முடித்துவிட்டு, சரிபார்க்க மட்டும் வழக்கறிஞர் சங்கத்தின் பார் நூலகத்துக்குப் போகலாம். அப்புறம், பென்டிரைவை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.