திருமலையில் ஒரு நாள்: வானா, ஓட்டோவா, பஸ்ஸா?

சித்திரை பிறந்து கடல் அடங்கியதும் திருகோணமலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கொழும்பிலிருந்து மாமா குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி, கனடாவிலிருந்து பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள். வந்து இறங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு நாள்தான் இருக்கு. வழிகாட்டியோட வான் பிடிப்பமா, ஓட்டோவில சுத்துவமா, இல்லாட்டி பஸ்ஸில நாங்களே போய் வருவமா?" இந்த முறை மூன்று கூட்டத்தோடும் நானும் போனேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வான். கனடாப் பிள்ளைகளுக்காக எடுத்தது. கடலடித் தோட்டம், பழைய கோட்டை, கடற்குகை, வெந்நீரூற்று என்று ஒரே நாளில் ஏழு இடம் காட்டுவதாகப் பட்டியல். ஏழரைக்கு வரவேண்டிய வான் எட்டே கால் தாண்டித்தான் வந்தது. நிலாவெளியில் அனுமதிச்சீட்டு எடுத்து, படகு ஏறி, பட்டியலில் கடலடித் தோட்டம் என்றிருந்த புறாத்தீவில் கால் வைக்கும்போது பத்தரை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கூட்டம். ஒரு மணி நேரம் குளித்துவிட்டு ஓடிவந்து வானில் ஏறினோம். கன்னியா வெந்நீரூற்றில் கால் மணி நேரம். கோணேசர் கோவிலுக்கு மாலையில் போனபோது பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள்.

ஆனால் வானுக்கு உரிய நல்லதையும் சொல்லவேண்டும். நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் வழிகாட்டித் தம்பி வானை நிறுத்தினார். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின் மீது குண்டு போட்ட கதையை, பிள்ளைகளுக்கு விளங்கும் ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னார். அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புப் பக்கத்துக் கடலில் மூழ்கியது. கல்லறைகளில் இருந்த வயதுகளைப் பெரிய பேத்தி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனாள். பத்தொன்பது, இருபது என்று வர வர அவளுடைய குரல் இறங்கிப்போயிற்று. அந்த இருபது நிமிடத்துக்காகவே வான் காசு கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர், தமிழ் அதிகம் தெரியாத பிள்ளைகள் என்றால் வான்தான் சரி. ஏழு இடத்தை நான்காகக் குறைக்கச் சொல்லி முதல் நாளே பேசிவிடுங்கள்.

அடுத்தது ஓட்டோ. யாழ்ப்பாணத்துச் சித்தியும் நானும் போனது. ஓட்டோக்காரர் அறுபது வயது தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். காலை ஆறு மணிக்கே வாசலில் நின்றார். "முதல்ல கோணேசர், பிறகு கன்னியா. மாத்திப் போனா கதை குழம்பிப்போகும் தங்கச்சி" என்றார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்தி எங்களை இறங்கச் சொன்னார். எத்தனையோ தரம் நான் கடந்துபோன வாசல் அது. வாகனத்தில் போனால் மூன்று விநாடியில் தாண்டிவிடும். வாசல் கல்லில் செதுக்கியிருந்த கயல் மீன்களின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பாண்டியர் சின்னம். பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கியர் பிரிப்பார்கள் என்று சொல்வதாக ஊரில் வழங்கும் கல்வெட்டு இதுதான். சம்பந்தர் பதிகம் பாடிய கோவிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், அவர்களுக்குப் பின் 1795இல் ஆங்கிலேயர். பிரட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோவிலுக்கு இன்னும் ஏற்றம் ஏற வேண்டியிருந்தது. அவருக்குக் கோவில் அந்த வாசலிலேயே தொடங்கிவிட்டது.

மேலே போகும் வழியில் புள்ளிமான்கள். அப்புறம் இராவணன் வெட்டு. விளம்பரங்களில் 'கடற்குகை' என்று போடுவதை நம்பி, உள்ளே நடந்துபோகும் குகை இருக்கும் என்று யாரும் வரவேண்டாம். இங்கே இருப்பது பாறை பிளந்த ஒரு நெடும் வெட்டு. எட்டிப் பார்த்தால் அடியில் கடல் நுரைத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பும். அலை பாறைக்குள் அடிக்கும் சத்தம் மேலே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நோயுற்ற தாய் வழிபடுவதற்காக இராவணன் இந்த மலையையே பெயர்க்க வந்தான், அப்போது வாளால் வெட்டிய இடம் இது என்பது கதை. அந்தத் தாய் இறந்தபின் அவளுக்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி அவன் நிலத்தில் குத்திய ஏழு இடங்கள்தான் கன்னியாவின் ஏழு கிணறுகள். இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு எங்கள் சனம் இன்றும் கன்னியாவுக்குப் போவது அதனால்தான். ஓட்டோ அண்ணன் சொன்ன வரிசைக்கு அர்த்தம் அங்கே நின்றபோதுதான் பிடிபட்டது. வானில் போன அன்று கன்னியா எங்களுக்கு வெறும் சுடுதண்ணீர்க் கிணறு. சித்தியோடு போன அன்று அது மகன் தாய்க்குக் கடன் கழித்த இடம். போன வருடம் அம்மம்மாவை இழந்த சித்தி, ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டார். ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் சூடு வேறு என்பதை அப்படி ஊற்றினால்தான் தெரியும்.

அங்கிருந்து வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளிக்கும் கூட்டிப்போனார். எந்தப் பட்டியலிலும் நான் காணாத இடம். நாதனார் கோவில் என்றும் சொல்வார்கள். சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. தமிழில் எழுதிவைத்துப் பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த ஆட்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒருமுறையாவது வந்து பார்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஓட்டோவின் குறை, தூரம். வடக்கே திரியாய் என்ற ஊர் வரைக்கும் போனால் முதுகு உடைந்துவிடும். மதிய வெயிலில் வீதி அனல் முழுவதும் முகத்தில்தான் அடிக்கும். காசை ஏறும் முன்பே, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளவேண்டும்.

பஸ்ஸில் கொழும்பு மாமாவின் இரண்டு பெடியன்களோடு போனேன். கடலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றவர்கள். புல்மோட்டை பஸ் கடற்கரையோரமாக உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று போகும். காலை முதல் பஸ்ஸில் ஏறி நிலாவெளியில் இறங்கினோம். படகுக்கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, படகுக்கு இவ்வளவு. அதனால் வரிசையில் நின்ற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டோம். கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர்தான்.

கடலுக்கு மட்டும் என்றால் இந்த வழியை அடிக்க ஆள் இல்லை. காரணம் நேரம். காலையில் கண்ணாடிபோல் இருக்கும் தண்ணீர், தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பியதும் கலங்கத் தொடங்கும். வானில் பத்தரைக்குப் போய் மங்கலாகப் பார்த்ததை, அன்று எட்டு மணிக்கு முன்பே தெளிவாகப் பார்த்தோம். மான்கொம்புபோல் கிளைத்த முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்), அதற்குள் நுழைந்து வெளிவரும் மஞ்சளும் நீலமுமான சின்ன மீன்கள். தீவின் மறுபக்கத்தில் செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டி ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் போயிற்று. கரைக்கு வந்தால் காலுக்கடியில் முழுக்க உடைந்த முருகைக்கல், எலும்புத்துண்டுபோல் வெளுத்துக் கிடக்கிறது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம் இது. அப்படியிருந்தும் கடல் சூடாவதாலும் எங்கள் கால்களாலும் செத்துக்கொண்டிருக்கிறது. சின்னவன் இளைப்பாற ஒரு முருகையின்மேல் ஏறி நின்றான். படகுக்காரர் தண்ணீரிலேயே நீந்தி வந்து அவனைத் தூக்கி மணலில் விட்டார். "தம்பி, அது கல்லில்ல, உயிர். அதில நிக்கப்படாது." கடலை அறிந்த ஆள் பக்கத்தில் இருக்கிற நன்மை இது.

பஸ்ஸில் போனால் பிற்பகல் வீணாகும், அதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பும் பஸ்ஸுக்காக வெயிலில் காய்ந்து நகரத்துக்கு வரும்போது, கோவிலுக்குப் போக உடம்பில் தெம்பு இருக்காது.

பழைய ஊர் பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. வடக்கே திரியாயும் தெற்கே மூதூரும் ஒரே நாளில் வராது. புறாத்தீவு போகிறவர்கள் அதே வீதியில் திரியாய்க்குப் போகலாம். படிகள் ஏறி மேலே போனால், சின்னத் தூபியைச் சுற்றிக் கல்தூண்கள் வட்டமாக நிற்கும். கடல் வேண்டாம் என்றால் மூதூர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தப் பயணம் எவ்வளவோ சுகம். புயலில் பாய்மரத்தை இழந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயக் கப்பலின் தலைவன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதே பெயர்கொண்ட மகன் 1679 வரைக்கும் கண்டி மன்னனின் நாட்டில் அகப்பட்டிருந்து தப்பினான். இந்த இரண்டு ஊருக்கும் வான்தான் வசதி, ஆனால் பட்டியலில் போடமாட்டார்கள், கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

என்னிடம் கேட்டால், காலை முதல் பஸ்ஸில் நிலாவெளி, பத்து மணிக்குத் தீவிலிருந்து கரை. அங்கேயே உடுப்பு மாற்றி, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிய நகரத்து ஓட்டோ ஒன்றில் கோணேசர், பிறகு கன்னியா. இரண்டுக்கும் சேர்த்து வான் காசில் பாதிகூட வராது, நான்கு பேர் என்றால் ஆளுக்கு இன்னும் குறையும்.

கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் கடலை மறந்துவிடுங்கள். வாடையில் படகு போகாது. அந்த மழைக்குளிரில் கன்னியாத் தண்ணீரை ஒரு வாளி தலையில் ஊற்றிப் பாருங்கள்.