பழையபேட்டை குச்சிக் குதிரை: தலை அருமை, கம்பை மட்டும் சொல்லி வாங்குங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சின்னத் தையல் கடை, துணித் தலை வைத்த குச்சியைப் பிடித்துக்கொண்டு குதிரைச் சவாரி போல ஓடித் தாண்டும் ஹாபி ஹார்சிங் விளையாட்டுக்கான குச்சிக் குதிரைகளை ஆர்டர் எடுத்துத் தைத்துத் தருகிறது. குதிரை மட்டும் 1,800 ரூபாய். கழற்றி மாட்டும் கடிவாளத்தோடு 2,200. தாண்டிக் குதிக்கப் பி.வி.சி. குழாயில் செய்த ஒரு ஜோடித் தடையும் சேர்த்தால் 3,500. திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் தலைக் குதிரையின் விலையோடு இதை ஒப்பிட முடியாது. அது சின்னக் குழந்தை தரையில் இழுத்துக்கொண்டு நடப்பதற்கு. இதை வைத்துக்கொண்டு ஓட வேண்டும், திரும்ப வேண்டும், தாண்ட வேண்டும்.

பின்லாந்தில் பதின்வயதுப் பெண்கள் வளர்த்தெடுத்த விளையாட்டு இது. செய்னாயோகி நகரில் தேசியப் போட்டியே நடக்கிறது. இடுப்புக்குக் கீழே குதிரையின் கால், இடுப்புக்கு மேலே சவாரி செய்பவரின் உடல். குதிரையின் நடையை மதிப்பிடும் டிரெஸ்ஸாஜ் பிரிவில் நடையிலிருந்து துள்ளோட்டம், துள்ளோட்டத்திலிருந்து பாய்ச்சல் என்று கால் மாறும்போது தோளும் குதிரைத் தலையும் அலையக் கூடாது. தடை தாண்டலில் குறுக்குக் குழாயைத் தட்டிவிட்டால் புள்ளி போகும். எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது முகத்தின் அழகை மட்டுமல்ல. தலையின் எடை, கம்பின் நீளம், இரண்டும் சேரும் கழுத்து ஆகியவைதான் குதிரையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

தலையில் இந்தக் கடை குறையே வைக்கவில்லை. இரண்டு பக்கத் துண்டுகளுக்கு நடுவே மூக்கிலிருந்து பிடரி வரை தனிப் பட்டை கொடுத்துத் தைக்கிறார்கள். அந்தப் பட்டை இல்லாத குதிரைக்கு முகம் தட்டையாகி, கண் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃப்ளீஸ் துணியின் ரோமம் மூக்கிலிருந்து கழுத்தை நோக்கிப் படியும்படி வெட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தாலே தெரியும். பிடரி மயிர் உல்லன் நூல். அதை மேலே ஒட்டாமல் தையலுக்குள் கொடுத்து இரட்டைத் தையல் போட்டிருப்பதால் இழுத்தாலும் கையோடு வராது. காதுக்குள் கெட்டியான கேன்வாஸ் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே அடைக்கப் பாலியஸ்டர் பஞ்சா, இலவம் பஞ்சா என்று கேட்பார்கள். பாலியஸ்டரையே சொல்லுங்கள். இலவம் பஞ்சு முதலில் மெத்தென்று இருக்கும். குதிக்கக் குதிக்க அமுங்கிக் கழுத்தில் இறங்கிவிடும், நனைந்தால் கட்டி கட்டும். வழக்கமாக 350 கிராம் பஞ்சை இறுக்கி அடைக்கிறார்கள், மூக்கு நுனியிலிருந்து தொடங்கி. டிரெஸ்ஸாஜுக்கு இது சரி. தாண்டுவதற்கு என்றால் சின்னத் தலை, 250 கிராம் போதும். முழு அளவுக் குதிரை கடிவாளம் இல்லாமலே ஒரு கிலோவை ஒட்டி வருகிறது. பத்து வயதுக் குழந்தைக்கு அதைத் தூக்கிக்கொண்டு பத்துத் தடை தாண்டுவதற்குள் மணிக்கட்டு சோர்ந்து குதிரையின் மூக்கு தரையைப் பார்க்கும்.

குறை தொடங்குவது கழுத்தில். கம்பை 25 செ.மீ. உள்ளே விட்டு, ஹாட் குளூ ஊற்றி, துணியைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். பார்வைக்கு உறுதிதான். ஆனால் உருண்டைக் கம்பு, வழுக்கும் பஞ்சு, வளைவில் திரும்பும் விசை மூன்றும் சேரும்போது தலை கம்பைச் சுற்றித் திரும்புகிறது. பாய்ச்சலில் குதிரை பக்கவாட்டில் பார்த்தபடி ஓடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் குதிரையை விட்டால் அந்தப் பசையும் இளகிவிடும். இதற்கு வழி எளிது: கம்பின் மேல்நுனியிலிருந்து 5 செ.மீ. கீழே 6 மி.மீ. துளை போட்டு, 10 செ.மீ. மரக்குச்சி ஒன்றைக் குறுக்கே செருகி, அதன்மேல் துணி சுற்றிய பிறகு பஞ்சு அடைக்க வேண்டும். குறுக்குக் குச்சி பஞ்சுக்குள் சிக்கிக்கொள்வதால் தலை சுழலாது. ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் 50 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். தைத்து முடித்த பிறகு செய்ய வேண்டுமானால் கழுத்தைப் பிரிக்க வேண்டும்.

கம்பு 25 மி.மீ. பருமனுள்ள தைலமரம். முடிச்சு இல்லாததாக, மரத்தின் ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓடுவதாகப் பார்த்து எடுங்கள். ரேகை சாய்ந்து விளிம்பில் முடியும் இடத்தில்தான் கம்பு சிலாம்பாகப் பிளக்கும். நீளம் 120 செ.மீ. கொடுக்கிறார்கள், அது அதிகம். 135 செ.மீ. உயரக் குழந்தைக்கு மொத்தம் 100 செ.மீ. போதும், கழுத்தருகே பிடித்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நீண்டால், கால் தாண்டிவிட்டாலும் கம்பின் வால் குழாயைத் தட்டிவிடும். வெட்டிய முனைக்கு ஊன்றுகோல் ரப்பர் புஷ். “புஷ் போட்டுக் கொடுங்கண்ணா” என்றால் அங்கேயே மாட்டித் தருகிறார். பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தருவது வேண்டாம், வியர்த்த கை வழுக்கும். 120, பிறகு 240 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கை பிடிக்கும் இடத்தில் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் கிரிப்பை ஏற்றினால் பிடி நிற்கும்.

கடிவாளம் முக்கால் அங்குல நைலான் நாடா. நெற்றிப்பட்டை, மூக்குப்பட்டை, பக்க வளையம் எல்லாம் சரியான இடத்தில் உட்கார்கின்றன.

தடைகளை இப்போது இருக்கும் நிலையில் வாங்கச் சொல்ல மாட்டோம். குறுக்குக் குழாயை மூடிய கிளாம்புக்குள் அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். கால் பட்டால் குழாய் விழ வேண்டும். இதில் தடை முழுவதும் காலோடு வருகிறது, குழந்தை முகம் குப்புற விழும். கிளாம்பின் மேல்பாதியை அறுத்துவிட்டு, குழாய் சும்மா மேலே உட்காரும்படி செய்துகொள்ள வேண்டும். இரண்டு மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் வெயிலில் நடுவே தொங்குவதால், ஒரு அங்குலக் குழாயாக மாற்றச் சொல்லுங்கள். தொடக்கத்துக்கு 30 செ.மீ. உயரம். சிமெண்ட் தளமும் கிரானைட் தரையும் வேண்டாம். கல் பொறுக்கிய செம்மண் மைதானம், காலில் ஷூ.

செம்மண் புழுதி ஃப்ளீஸில் நன்றாகவே ஏறும். காய்ந்த பிரஷ்ஷால் ரோமம் படியும் திசையில் தட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாளியில் முக்கினால் உள்ளே பஞ்சு காய நாளாகும், கம்பு ஊறும். படுக்க வைத்தால் காது மடங்கிவிடும், சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கழுத்துக்குக் கீழே தாங்கும்படி நிறுத்துங்கள். தைத்துத் தர பத்து நாள் கேட்கிறார்கள். பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் மே, ஜூன் மாதங்களில் அது இரு மடங்காகும்.