மடக்கு சோலார் பேனல் 100 வாட்: ஜவ்வாது மலைல வெச்சு பாத்த வரைக்கும்

முதல்லயே சொல்லிடறேன், ஒரே ஒரு நைட் டென்ட் போட்டு கேம்ப் ஃபயர் போட்டு காலைல வீட்டுக்கு கெளம்பற ஆளுங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு போதும், ரெண்டு போனுக்கும் டென்ட் லைட்டுக்கும் தாராளமா வரும், மிச்சத்துக்கு கார் சாக்கெட் இருக்கவே இருக்கு. இது பகல் பூரா ஒரே எடத்துல டேரா போட்டு கெடக்கற கோஷ்டிக்கு தான். எங்கள மாதிரி.

நாங்க டெலஸ்கோப் தூக்கிட்டு அலையற கேஸு. அமாவாசைய ஒட்டி ஜவ்வாது மலைக்கு போவோம், 1986ல தொறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்கற காவலூர் அதே மலைல தான். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட பட்டா நெலம், சாமை அறுத்துட்டு சும்மா கெடக்கற கொல்லை, அங்க தான் டென்ட் (ரிசர்வ் ஃபாரஸ்ட்ல பர்மிஷன் இல்லாம போய் போட்டுடாதீங்க, அது தனி வம்பு). அவங்க வீட்ல கரண்ட் இருக்கு, ஆனா எக்ஸ்டென்ஷன் இழுக்கற தூரமில்ல. மவுன்ட் மோட்டாரு (டெலஸ்கோப்ப நட்சத்திரத்தோட சேத்து திருப்பறது), லென்ஸ்ல பனி படியாம இருக்க டியூ ஹீட்டரு, லேப்டாப்பு எல்லாம் சேந்து ஒரு ராத்திரிக்கு 250 வாட் அவர் சுமாரா குடிச்சிடும். எங்க கிட்ட இருக்கற பவர் ஸ்டேஷன் (கைல தூக்கிட்டு போற பெரிய பேட்டரி பெட்டி) 300 வாட் அவர், ஆக ஒரு ராத்திரி ஓடும், விடிஞ்சா காலி. நாங்க தூங்கற பகல்ல அத ரொப்பறதுக்கு தான் இந்த பேனல வாங்கினது.

நாலு மடிப்பு, மடக்கினா லேப்டாப் பேக் விட கொஞ்சம் பெருசு, எடை நாலு கிலோ. வெல பதிமூணாயிரம் சொச்சம். மொட்டை மாடில மாட்டற கண்ணாடி பேனல் இதே 100 வாட் பாதி வெலைக்கும் கம்மில கெடைக்குது, அதனால கார் டிக்கில எடம் இருக்கறவங்க, பேனல ஒரு எடத்துல சாச்சு வெச்சுட்டு மறந்துடறவங்க அதையே வாங்கலாம், தப்பே இல்ல. இங்க நீங்க எக்ஸ்ட்ரா காசு குடுக்கறது மடிப்புக்கு மட்டும் தான்.

இப்ப அந்த 100 வாட் கதைக்கு வருவோம். அட்டை பெட்டில போட்டிருக்கற 100, லேப்ல பேனல் செல்லோட சூடு 25 டிகிரில இருக்கறப்ப எடுத்த கணக்கு. நம்மூரு சித்திரை வெயில்ல கருப்பு பேனல் 60, 65 டிகிரிக்கு அசால்ட்டா போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35ல இருந்து 0.4 சதவீதம் வரைக்கும் அடிபடும், அதுலயே 13, 14 வாட் போச்சு, அப்புறம் கேபிள்ல கொஞ்சம் கன்ட்ரோலர்ல கொஞ்சம், கடைசில கைக்கு வர்றது 70. இத பவர் ஸ்டேஷன் டிஸ்ப்ளேல நல்லாவே பாக்கலாம், ஒரு மேகம் வந்து மறைச்சுட்டு வெலகும் பாருங்க, அந்த முதல் நிமிஷம் பேனல் ஆறி இருக்கறதால 81ன்னு காட்டும், பாத்துட்டே இருக்கறப்ப 78, 75ன்னு எறங்கி 70 கிட்ட வந்து உக்காந்துக்கும். இது ஏமாத்து வேலை இல்ல, எந்த கம்பெனி பேனலும் இப்டி தான். அதனால வெறும் பாறை மேல போடாதீங்க, அடில காத்து போகற மாதிரி நாலு மூலைக்கும் கல்லு குடுத்து கொஞ்சம் தூக்கி வெச்சாலே மூணு நாலு வாட் ஏறுது.

எனக்கு நெஜமாவே கடுப்பானது அந்த ஸ்டாண்டு தான். பின்னாடி துணில தெச்ச காலு, 45 டிகிரில மட்டும் நிக்கும். ஐரோப்பா அமெரிக்கா பக்கம் சூரியன் சாஞ்சே போற ஊருக்கு சரி. நம்மளுக்கு மார்கழில ஓகே, அப்ப உச்சி வெயிலே தெக்க 36 டிகிரி சாஞ்சு தான் வரும், கிட்டத்தட்ட பொருந்திடும். ஆனா ஜவ்வாது மலை பக்கம் சித்திரை பொறந்து பத்து நாள்ல மத்தியானம் சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும், அப்ப இந்த 45 டிகிரில வெச்சீங்கன்னா முப்பது சதவீதம் கிட்ட சும்மா போகுது. காலெல்லாம் மடக்கிட்டு படுக்க போடுங்க. வைகாசி ஆனில சூரியன் நம்மள தாண்டி வடக்க போயிடும், அப்ப யூடியூப்ல சொல்ற மாதிரி தெக்க பாத்து வெச்சா நஷ்டம் தான். சும்மா ஒரு பேனாவ பேனல் மேல செங்குத்தா வெச்சு பாருங்க, நிழல் எவ்ளோ சின்னதோ அவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அங்க உச்சி வேளை பன்னெண்டே கால் வாக்குல வரும், அதுக்கு முன்ன ரெண்டு மணி நேரம் பின்ன ரெண்டு மணி நேரம், அது தான் மெயின் வசூல். தூங்கிட்டு இருந்தாலும் அலாரம் வெச்சு ஒரு தடவை எழுந்து திருப்பி வெச்சா சித்திரைல ஒரு நாளைக்கு 350 வாட் அவர் கிட்ட வருது, எங்களுக்கு போதும். மேக மூட்டம்னா அதுல பாதி கூட சந்தேகம்.

நிழல் விஷயத்துல இது ரொம்ப சென்சிட்டிவ். பக்கத்துல ஒரு பலா மரம், அதுல ஒரு கொத்து இலையோட நிழல் ஒரு மூலைல விழுந்துச்சு, அவ்ளோ தான், 70 இருந்தது 30 சொச்சத்துக்கு வந்துடுச்சு. செல்லெல்லாம் வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கறதால ஒரு செல் மூடினா மொத்த கரண்ட்டும் அங்க மாட்டிக்கும். டென்ட் ஓரம், கார் ஆன்டெனா, காய வெச்ச துண்டு எல்லாத்தையும் பாத்துக்கோங்க. பேக்ல தொங்க விட்டுட்டு ட்ரெக் போற மாதிரி விளம்பரத்துல காட்றாங்களே, மரத்தடில நடக்கற உங்களுக்கு அதுல ஒண்ணும் வராது, நாலு கிலோ சுமை தான் மிச்சம்.

அப்புறம் பேனல் வெயில்ல இருக்கணும், பவர் ஸ்டேஷன் வெயில்ல இருக்க கூடாது. லித்தியம் பேட்டரி 45 டிகிரி தாண்டினா சார்ஜ் ஏத்தறத நிறுத்திடும், நீங்க தூங்கி எழுந்து பாத்தா 40 சதவீதத்துலயே நின்னுட்டு இருக்கும். கூட குடுத்த கேபிள் ஒண்ணரை மீட்டர் தான், மர நிழல் வரைக்கும் எட்டல, தனியா மூணு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டி வந்துச்சு. வாங்கறப்பவே உங்க பெட்டில இருக்கறது எக்ஸ்டி60 பின்னா, 7909 பின்னா, 5521 பின்னான்னு பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, சின்ன பெட்டிங்க பலதும் 28 வோல்ட் தான் தாங்கும். இந்த பேனல் வேலை செய்யறப்ப 18 வோல்ட், எதுலயும் சொருகாம சும்மா கெடக்கறப்ப 22 வரைக்கும் வரும், ரெண்ட எடுத்து சீரிஸ்ல (ஒண்ணு பின்னாடி ஒண்ணா) சேத்தா 44, பெட்டி செத்துடும். சேக்கறதா இருந்தா பேரலல் (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்) தான்.

பின்னாடி இருக்கற யூஎஸ்பி டப்பால போன நேரா சொருகாதீங்க. மேகம் போறப்பல்லாம் கட் ஆகி கட் ஆகி வரும், சில போன் ஒரு தடவை ஸ்லோ ஆச்சுன்னா வெயில் வந்தாலும் அப்டியே ஸ்லோவாவே இருக்கும். பகல்ல பேட்டரிக்கு ஏத்திட்டு ராத்திரி அதுல இருந்து போனுக்கு எடுங்க. இந்த டப்பா தான் பேனலோட வீக் பாயிண்ட்டும். ஐபி65, மழை தாங்கும்னு பெருசா போட்டிருக்கான், அது பேனலுக்கு மட்டும், டப்பாக்கு வெறும் ரப்பர் மூடி, அதுவும் என்னோடது சீக்கிரமே பிஞ்சிடுச்சு. வித்தவங்க கிட்ட கேட்டா ஃபோட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன், வீடியோ அனுப்புங்கன்னாங்க, அதுவும் அனுப்பினேன், அதோட சரி. இப்ப செல்லோ டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.

பேனல் மேல் பக்கம் மட்டும் குறையே சொல்ல முடியாது. மேல ஈடிஎஃப்இ கோட்டிங் (வெயில் தாங்கற ஒரு வகை பிளாஸ்டிக்), வாங்கறவங்க இது இருக்கான்னு கேட்டு வாங்குங்க, சாதா பிளாஸ்டிக் கோட்டிங் வெயில்ல சீக்கிரம் மஞ்சளாயிடும். அண்ணன் வீட்டு ஆட்டுக்குட்டி ஒண்ணு மேல ஏறி நின்னு சுத்தி சுத்தி பாத்துட்டு ஒண்ணுக்கு வேற போயிட்டு எறங்குச்சு, தொடச்சு எடுத்தா ஒரு கீறல் இல்ல, வாட்டும் கொறையல. அண்ணனோட அம்மா வந்து, "சும்மா தான கண்ணு கெடக்கு, இதுல சாமை காய வெச்சுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க, மடிப்பு மடிப்பா சூடு நல்லா இருக்கேன்னு.

காத்துக்கு மட்டும் கயிறு கட்டிடுங்க, மலைல சாயங்காலம் அடிக்கற காத்துக்கு நாலு கிலோ ஒண்ணுமே இல்ல, மூலைல இருக்கற வளையம் அதுக்கு தான்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அரை அந்த ரப்பர் மூடிக்கு போச்சு, ஒண்ணு ஸ்டாண்டுக்கு. பைக்ல போறவங்க, போனும் லைட்டும் மட்டும் தான்னா 60 வாட் பாருங்க, எடை பாதி தான் வரும். 200 வாட் கேக்கறவங்களுக்கு, அது எட்டு கிலோ, விரிச்சா ரெண்டு மீட்டருக்கு மேல எடம் வேணும், அதோட உங்க பெட்டி அவ்ளோ வாட் உள்ள வாங்குமான்னு மேனுவல்ல பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.